கந்தாதான்னா என்ன அர்த்தம்?

"இன்னிக்கு இந்தத் துபாஷியோட சீட்டைக் கிழிக்கலேன்னா நான் செக்ரட்டரியே இல்லை!"

தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வேலைநீக்கக் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்தாள் செக்ரட்டரி அம்மா. அந்தப் பெண்கள் கால்பந்து கிளப்பில் பதினோரு வருஷமாக எல்லாம் அவள்தான். பூட்ஸ் லேஸைக்கூட இழுத்துப் பார்த்துத்தான் வாங்குவாள்.

துபாஷி என்பது மொழிபெயர்ப்பாளருக்கு டீம் பெண்கள் வைத்த பெயர். புதுக் கோச்சுக்கு ஸ்பானிஷ் தவிர வேறு பேச்சே கிடையாது. பெண்களோ திக்குக்கு ஒருத்தி. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது இங்கிலீஷ்தான்.

அதனால் ட்ரெஸ்ஸிங் ரூம் சுவரில் துபாஷி எழுதிக் கொடுத்த ஒரு பட்டியல். கோச் மைதானத்து ஓரமாக நின்று கத்தும் ஸ்பானிஷ் வார்த்தைகள் முப்பத்தொன்று. பக்கத்திலேயே இங்கிலீஷ் அர்த்தம். பெண்கள் அதை மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

துபாஷி என்றைக்காவது லீவு போட்டால் உதவுமே என்று, செக்ரட்டரி அம்மா ஒரு ஸ்பானிஷ் கால்பந்து அகராதி வாங்கினாள். சும்மா இருப்பாளா? பட்டியலையும் அதையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். ஆஃப்சைடு சரி, கார்னர் சரி. இருபத்தெட்டு சரி, மூன்று மட்டும் படு தப்பு.

பட்டியலில் 'கந்தாதா' என்றால் 'அடுத்த பந்துக்குத் தயாராகு'.

அகராதியிலோ, 'கோல்கீப்பரின் மடத்தனமான சொதப்பல்'!

'பகேத்தே' என்றால் 'நிதானமா ஆடு' என்று எழுதியிருந்தது. உண்மையில் 'ஒன்றுக்கும் உதவாத ஆட்டக்காரி'. 'சுப்போனா' என்றால் 'தோழியைப் பார்' என்று இருந்தது. அதுவும் பந்தை யாருக்கும் கொடுக்காத பேராசைக்காரியைத் திட்டும் வார்த்தை.

நேற்றைய மேட்ச் அவள் கண்முன்னே வந்தது. கோல்கீப்பர் நெட்டச்சியின் கையில் விழுந்த பந்து நழுவி கோலுக்குள் உருண்டது. கோச் முகம் சிவக்க, "கந்தாதா! கந்தாதா!" என்று கத்தினார்.

அந்தப் பைத்தியம் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து, "சரி கோச், தயார்!" என்று கையைத் தூக்கிக் காட்டியது. திட்டுகிறார் என்றுகூடத் தெரியாமல் நிற்கிறதே!

முதலில் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று போனாள். நெட்டச்சி க்ளவுஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கோச் கத்துறாரே, உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"அவர் குரலே அப்படித்தான் மேடம்! நான் பார்த்த கோச்செல்லாம் கோல் விழுந்தா கிழிகிழின்னு கிழிப்பாங்க. போன வருஷம் விளையாட்டையே விட்டுடலாம்னு இருந்தேன். இவர் ஒருத்தர்தான் அடுத்த பந்தைப் பாருங்கறார். அதைக் கேட்டா எனக்குக் கை நடுங்குறதே நின்னு போயிடுது."

செக்ரட்டரி அம்மா சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, பட்டியலைச் சுவரிலிருந்து உரித்தெடுத்துக்கொண்டு நேரே துபாஷியிடம் போனாள்.

"என்ன சார் இது? பச்சைப் பிள்ளைங்களை ஏமாத்துறீங்களே! இன்னொரு நாள் யாராவது உண்மையைப் போட்டு உடைச்சா அந்தப் பொண்ணு கதி?"

துபாஷி பட்டியலையும் கடிதத்தையும் பார்த்தார். மறுக்கவுமில்லை, கெஞ்சவுமில்லை.

"வேலையை விட்டு எடுத்துடுங்க மேடம். ஆனா அந்தப் பட்டியலை மட்டும் பழைய இடத்துல ஒட்டிடுங்க."

"ஓஹோ, எனக்கே உத்தரவா? கோச்கிட்டயே கேட்டுடுறேன்."

"வேண்டாம் மேடம்..." என்று பின்னாலேயே ஓடிவந்தார்.

கோச் ஸ்டோர் ரூமில் பந்துகளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். செக்ரட்டரி அம்மா அகராதியை விரித்து, விரலை வைத்துக் காட்டி, தனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில், "இந்த ஆள்... தப்பு... பட்டியல்... பொய்!" என்று திணறினாள்.

கோச் பம்பைக் கீழே வைத்தார்.

"நீங்க இங்கிலீஷ்லயே சொல்லுங்கம்மா" என்றார், சுத்தமான இங்கிலீஷில்.

செக்ரட்டரி அம்மா வாயைப் பிளந்தாள். "உங்களுக்கு... இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியும். இவரைத் திட்டாதீங்க. இவர் எழுதிக் கொடுத்த பட்டியல்ல எல்லாமே சரியாத்தான் இருந்துச்சு. அந்த மூணு வார்த்தையை மாத்தினது நான். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன், பாவம்."

"எதுக்கு சார்?"

கோச் கையிலிருந்த பந்தையே பார்த்தார்.

"என் பழைய டீம்ல ஒரு கோல்கீப்பர் இருந்தா. என் மொழிக்காரி. நான் கத்தினது ஒண்ணு விடாம அவளுக்குப் புரிஞ்சுது. ஒருநாள் பாதி ஆட்டத்துல க்ளவுஸைக் கழற்றி என் கையில கொடுத்துட்டுப் போனவதான். அப்புறம் பந்தையே தொடலையாம். அன்னையிலேர்ந்து வாயை அடக்கப் பார்க்கிறேன்மா, முடியல. கோபம் வந்தா அந்த வார்த்தைதான் வருது. இங்கிலீஷ்ல கத்தினா இவங்களுக்கும் புரிஞ்சுடும்னுதான் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். வாயை மாத்த முடியல. அதான் அர்த்தத்தை மாத்திட்டேன்."

செக்ரட்டரி அம்மா கடிதத்தை நான்காகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். ட்ரெஸ்ஸிங் ரூமுக்குப் போய், ஸ்டூலில் ஏறி, பட்டியலைப் பழைய இடத்தில் வைத்து டேப் ஒட்டினாள். கண்ணில் நீர் மறைத்ததில் பட்டியல் கோணிக்கொண்டது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கோச் பொறுக்க முடியாமல் கத்திவிட்டார்.

"கந்தாதா!"

செக்ரட்டரி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த டேப்பைக் கிழித்தாள்.

"சரி கோச், தயார்!"