ஃப்ரிட்ஜ் தட்டிக் காட்டிய இடம்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று நோரீனுக்குப் பயம். ஒரு வார்த்தை கூடினால் ஒரு பையனுக்குக் கெடுதல். ஒரு வார்த்தை குறைந்தால் இன்னொருவனுக்கு. அதனால் வாய் நிறைய டோனட்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயில் தீனி இருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் அல்லவா.

காபிக் கடையில் காலையிலேயே ஐஸ் ஹாக்கிப் பேச்சுதான். முந்தின நாள் ஆட்டத்தில் ஊர் அணிப் பையன் மைக்கா மூன்று கோல் போட்டிருந்தான்.

"ஆளு என்ன உயரம்? ஸ்கேட்டோட நிக்க வெச்சாக்கூட என் தோளுக்கு வரமாட்டான். அவ்ளோ பெரிய தடியனுங்க காலுக்கு நடுவுல புகுந்து வர்றான்யா," என்றார் கிளேட்டன்.

மூன்றாவது கோல் விழுந்ததும் ஊர் வழக்கப்படி தொப்பியைக் கழற்றிப் பனித்தளத்தில் வீசியவர்களில் அவரும் ஒருவர். வீசியபிறகுதான் வெளியே மைனஸ் முப்பது என்பது ஞாபகம் வந்தது. காது இரண்டும் இன்னும் சிவந்திருந்தன.

"அக்டோபர்ல பெஞ்சுல உக்காந்து மத்தவங்களுக்குத் தண்ணி பாட்டில் எடுத்துக் குடுத்துட்டிருந்தான். கிறிஸ்துமஸுக்கெல்லாம் முதல் வரிசை ஆட்டக்காரன் ஆயிட்டான். இன்னிக்கு சாயங்காலம் பெரிய லீக்லேருந்து அவனைப் பார்க்க ஆள் வருது," என்றாள் கடைக்காரி டார்லா, காபியை ஊற்றிக்கொண்டே.

"நான் அப்பவே சொன்னேன்."

"நீ அப்ப என்ன சொன்னேன்னு இந்தக் கடைக்கே தெரியும், கிளேட்டன். 'காத்தடிச்சா இவனைத் தேடிப் புடிக்கணும், பள்ளிக்கூடத்துக்கே திருப்பி அனுப்புங்க'ன்னே."

"அது அவனுக்கு ரோஷம் வரட்டும்னு சொன்னது. வந்துச்சா இல்லையா?"

கடை சிரித்தது. நோரீனும் சிரித்தாள். பேச்சு இப்படியே போய்விட்டால் நல்லது.

போகவில்லை.

"அந்த ஃப்ரிட்ஜை நினைச்சாத்தான் வயித்தெரிச்சலா இருக்கு," என்றார் கிளேட்டன்.

ஃப்ரிட்ஜ் என்றால் டாரின் ப்ரோகாப். மைக்காவோடு அதே அணியில் தடுப்பாட்டம் ஆடுகிறவன். ஆளும் அந்த அகலம், ஓட்டமும் அந்த வேகம். இந்த வருஷம் முழுக்க அவன் பேரில் ஒரு கோல் கிடையாது. வயது வரம்பு முடிகிறது, இன்றைய ஆட்டத்தோடு சரி.

"தானும் போடமாட்டான், அடுத்தவன் போட்டாலும் பொறுக்காது. சின்னவன் மூணாவதை அடிச்சப்ப இவன் எதிராளி கோலுக்கு முன்னாடி நின்னுட்டிருந்தான். உள்ள போன உடனே ரெஃப்ரிகிட்டப் போய் நின்னு, பின்பக்கத்தைத் தட்டித் தட்டிக் காட்டுறான். கடைசியா என்மேல பட்டுத்தான் போச்சு, கடைசியா பட்டவனுக்குத்தானே கோலு, என் பேருக்கு எழுதுங்கன்னு. என் தொப்பியே அங்க கிடக்கு, இவனுக்கு வெக்கமா இல்ல?"

"விடேன். கடைசி ஆட்டம் அவனுக்கு," என்றாள் டார்லா.

"எப்படி விடுறது? சாயங்காலம் அவன் ஐஸ்ல கால் வெக்கட்டும். மொத்த அரங்கமும் ஊளையிடப் போகுது. எல்லாருக்கும் சொல்லி வெச்சுட்டேன்."

"அவங்கம்மா வருதுப்பா பண்ணையிலேருந்து. மகன் கையால பூங்கொத்து வாங்கறதுக்கு."

"வரட்டும். அதுவும் கேக்கட்டும்."

நோரீனுக்கு டோனட் தொண்டையிலேயே நின்றுவிட்டது. இருமினாள். இருமியதுதான் தப்பு. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அட, நோரீன் இருக்கா. இவ மூக்குக்கு முன்னாடிதானே நடந்துச்சு. என்ன சொன்னான் அவன்?"

தப்பாட்டம் ஆடுகிறவர்களைக் கொஞ்ச நேரம் உட்கார வைக்கும், பனித்தளத்து ஓரக் கூண்டுக்குக் கதவு திறந்து மூடுவது அவள் வேலை. நடுவரும் ஃப்ரிட்ஜும் பேசிக்கொண்டது அந்தக் கதவுக்கு வெளியேதான்.

பதிலைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஓரத்து மேஜையில் வெண்டெல் உட்கார்ந்து முட்டை தின்றுகொண்டிருந்தார். யார் யார் கோல் போட்டார்கள் என்று மேலே இருந்து கணக்கு எழுதுகிறவர். சந்தேகம் வந்தால் சொந்த மகன் போட்ட கோலையே அடித்துவிட்டு வேறு பேர் எழுதுகிற மனுஷன். அவர் இருக்கிற இடத்தில் பேச யாருக்குத்தான் பயமிருக்காது?

அந்த அம்மாவை நினைத்துப் பார்த்தாள். பூங்கொத்தும் கையுமாக, ஊளைக்கு நடுவில்.

"அவன் கேக்கல," என்றாள்.

"என்னது?"

"தன் பேருக்கு எழுதச் சொல்லல. ரெஃப்ரிதான் 'உன்மேல பட்டுச்சா'ன்னு கேட்டாரு. 'எங்கேயும் படல சார், இது அந்தப் பொடியனோட கோலு, அவன் பேருக்கே எழுதுங்க'ன்னு இவன் தட்டிக் காட்டினான். அதுதான் நடந்தது. காதால கேட்டேன்."

கிளேட்டன் சிவந்த காதைத் தடவிக்கொண்டார்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீ எங்க வாயைத் திறக்க விட்டே?" என்றாள் டார்லா. "ஊளையிட ஆள் சேர்த்தியே, போ. கை தட்டணும்னு சொல்லி மறுபடியும் ஒரு சுத்து வா. வெறுந்தலையோட போகாத, இந்தா, எங்க வீட்டுக்காரர் தொப்பி."

அவர் போனார். கடை மறுபடி சின்னவன் புகழைப் பாடத் தொடங்கியது. நோரீன் பெருமூச்சு விட்டுக் காபிக் கோப்பையை எடுத்தாள்.

"நோரீன்." வெண்டெல் முட்டைத் தட்டை நகர்த்திவிட்டு, அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார். "அவன் படலன்னு சொன்னது சரி. நிஜமாவே படலையா? பக்கத்துல இருந்தீங்களே, நீங்க பார்த்தீங்களா?"

நடுவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் ஃப்ரிட்ஜ் கதவில் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது அவள் காதில் அப்படியே இருந்தது. "ஆன்ட்டி, ஒரு வாரத்துக்கு என்னால உக்கார முடியாது. நீங்க எதையும் பார்க்கல, சரியா?"

"கண்ணாடி இல்லாம எனக்கு எதுவுமே தெரியாது, வெண்டெல்," என்றாள் நோரீன். மூக்கின் மேலிருந்த கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, நாற்காலி நாற்காலியாகத் தடவி வாசலைத் தேடிப் போனாள்.