அப்பா கொண்டுவந்த கேன்

கல்லூரியிலிருந்து பொன்மலை வீட்டுக்கு வந்த டெல்பின், அம்மா நீட்டிய சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, காலிச் சொம்போடு அப்பாவிடம் போனாள்.

“அப்பா, என் ஆராய்ச்சி ஜெயிச்சிருச்சு! ரெண்டு தண்ணிக்கு நடுவுல மெல்லிசா ஒரு எண்ணெய்ப் படலம். அது கழிவுநீர்ல இருக்கிற ஈயத்தை மட்டும் பிரிச்சு அந்தப் பக்கம் தள்ளிடுது.”

காக்கிச் சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த அடைக்கலராஜ், இரண்டு தெரு தள்ளியிருந்த பேட்டரி கம்பெனிக்கு வாட்ச்மேன். வாரம் தவறாமல் அங்கிருந்து மகளுக்கு ஒரு கேன் கழிவுநீர் கொண்டுவந்து தருபவர் அவர்தான்.

“ரொம்ப நல்லதும்மா.”

“என்ன நல்லது? கடைசி மூணு மாசத் தண்ணியிலயும் ஈயம் எக்கச்சக்கம். அத்தனையும் விஷம்ப்பா! உங்க முதலாளி மேல புகார் எழுதிட்டேன்.”

அவர் பதறினார். “அனுப்பிடாதம்மா. கம்பெனிய மூடி மூணு மாசமாச்சு. சொன்னா உன் ஆராய்ச்சி நின்னுடுமேன்னு மறைச்சிட்டேன்.”

“அப்ப கேன்ல வந்தது?”

“எந்தத் தண்ணியா இருந்தா என்னன்னு நினைச்சேன்…” அவர் கொல்லைப்பக்கம் கை காட்டினார். “நம்ம கிணத்துலதாம்மா மொண்டேன்.”

டெல்பின் கையிலிருந்த காலிச் சொம்பையே வெறித்தாள்.

பேச்சு எதுவும் காதில் விழாமல் உள்ளேயிருந்து வந்த அம்மா அதை வாங்கி, மறுபடி நிரப்பி நீட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் குடி. புள்ளத்தாச்சி தொண்டை காயக்கூடாது.”