விருந்தாளிக்கு வந்த கார்டு

கேம் ஆடுகிறவர்கள் கம்ப்யூட்டரில் மாட்ட வாங்கும் கிராபிக்ஸ் கார்டுகளைச் சோதித்து, எது தேறும், எது தேறாது என்று வீடியோவில் சொல்வது என் வேலை. போன மாதம் ஒரு கம்பெனி அனுப்பிய கார்டை நல்லது என்று சொல்லியிருந்தேன். என்னை நம்பி வாங்கியவர்கள் எல்லாம், கார்டு சூடாகி இரைகிறது என்று இப்போது என்னைத் திட்டுகிறார்கள். அதனால் கடையில் நானே ஒன்று வாங்கி, இரண்டையும் கழற்றிப் பார்த்தேன். எனக்கு வந்ததில் சூட்டை இழுக்கக் கனமான செம்புத் தகடு இருந்தது. கடையில் வாங்கியதில் மெல்லிய அலுமினியம்.

நான் போனில் கேட்டதும், கம்பெனி ஆள் குணசீலன் பதறிக்கொண்டு வந்தார்.

"விருந்தாளிக்கு நாலு முந்திரி கூடப் போட்டுப் பாயசம் வைக்கிறதில்லையாம்மா? உங்களுக்குன்னு பாத்துப் பாத்து அனுப்பினோம்."

"நான் என்னய்யா விருந்துக்கா வந்தேன்? முதல் இலைக்கு நெய்யி, மத்த இலைக்கெல்லாம் வெந்நீரா? என் வாயாலயே பொய் சொல்ல வச்சிட்டீங்களே!"

"கடையில விக்கிறதும் தங்கம்தாம்மா."

"அப்ப அதை நீங்களே சொல்லுங்க."

கடைக் கார்டை மாட்டி, கேமைப் போட்டு, கேமராவை அவர் பக்கம் திருப்பினேன். ஐந்தாவது நிமிடம் கார்டின் ஃபேன்கள் ஊளையிட ஆரம்பித்தன.

"சத்தமே வராதும்மா!" என்று குணசீலன் தொண்டை கிழியக் கத்தினார்.