பன்னிரண்டாவது ஸ்லைடு

“என் பேரு இருக்குங்கிறதுக்காக அது நான் எழுதினதுன்னு ஆயிடுமாம்மா?” அருள்நாதன் அந்தத் தாளை மேஜையின் மறுபக்கம் தள்ளினார்.

தொழிற்சாலை ஆய்வாளர் சபீனா அதை அவர் பக்கமே திருப்பி வைத்தார். போன செவ்வாய்க்கிழமை துவாக்குடிப் பட்டறை ஒன்றில், டேங்குக்குள் வெல்டிங் செய்ய இறங்கிய ஆசீரும், அவனைத் தூக்கப் போன வெள்ளைச்சாமியும் மூச்சு முட்டிச் செத்துப்போயிருந்தார்கள். அங்கே சுவரில் ஒட்டியிருந்தது இந்தத் தாள்தான்; அருள்நாதனின் பாதுகாப்புப் பயிற்சி ஸ்லைடுகளில் பன்னிரண்டாவது.

‘ஆக்ஸிஜன் மீட்டரை டேங்கின் வாயில் பிடித்துப் பாருங்கள். அலாரம் அடிக்காவிட்டால் இறங்கலாம்.’ அடியில் அவர் பெயர். அவ்வளவுதான்.

“வெல்டிங்குக்கு விடுற ஆர்கான் கேஸ் காத்தைவிட கனம். அடியிலதான் தங்கும். வாயில பிடிச்சா என்ன தெரியும்? முப்பது வருஷம் சேஃப்டி ஆபீசரா இருந்தவன் இப்படி எழுதுவேனா?”

“அப்ப யாரு எழுதியிருப்பாங்க சார்?”

“ரிட்டயர் ஆனதும் எல்லா ஸ்லைடையும் திறந்த உரிமத்துல நெட்ல போட்டேன். யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், மாத்திக்கலாம். என் பேரு இருக்கணும். மாத்தினா, மாத்தினேன்னு கீழே எழுதணும். எவனோ மாத்திட்டு எழுதாம விட்டிருக்கான்.”

ஊருக்குச் சும்மா கொடுத்ததற்கு இதுதானா கிடைத்தது என்று அவருக்கு மனம் எரிந்தது. அன்று காலை எடமலைப்பட்டி புதூரில் அவர் வீட்டு வாசலுக்கு ஆசீரின் மனைவி பிரான்சி வந்திருந்தாள். அவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

சபீனா ஃபைலிலிருந்து இன்னொரு தாளை எடுத்து நீட்டினார். லால்குடிப் பக்கம் ஓர் ஆலையில் ஒட்டியிருந்ததாம். அதே படம், அதே பன்னிரண்டாவது ஸ்லைடு. ஆனால், ‘மீட்டரைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பாருங்கள்’ என்றிருந்தது.

அருள்நாதன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “இதாம்மா. இதுதான் நான் எழுதினது.”

“கீழே பொடி எழுத்துல இருக்கிறதையும் படிங்க சார்.”

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். ‘மூலம்: அருள்நாதன். இந்த ஸ்லைடில் இருந்த தவறு திருத்தப்பட்டுள்ளது.’

சபீனா அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“செத்தவங்க படிச்சதுதான் சார், நீங்க எழுதினது.”