மாமாவுக்கு உண்டிவில் ரப்பர்

போன வாரம் உண்டிவில்லின் ரப்பர் அறுந்து அக்காள் கணவரின் கன்னத்தைக் கிழித்துவிட்டது. ஒரு விரற்கடை மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும். ஆனாலும் முயல் வேட்டையை அவர் விடுவதாக இல்லை. அவர் மனைவியின் தம்பியான மச்சான் புது ரப்பரை நீட்டினான்.

“இதைக் கட்டிக்குங்க மாமா.”

அவர் இழுத்துப் பார்த்தார். “ஓரத்துல வெட்டு இருக்கே! என் கண்ணைப் பிடுங்கத்தான் வாங்கிட்டு வந்தியா?”

“ஐயோ, கவனிக்கலை மாமா.”

“சட்டைப் பையில என்ன?”

“அது... எனக்கு வாங்கினது.” மச்சான் பையைப் பொத்திக்கொண்டான்.

“அப்படிச் சொல்லு! நல்லது உனக்கு, நொள்ளை எனக்கா? எடுடா!”

பிடுங்கிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அக்காள் பதறி வெளியே வந்தாள். “எதைடா எடுத்துக்கிட்டாரு?”

“நல்லதைத்தான்க்கா. நான் எதைக் கொடுத்தாலும் அவருக்குச் சந்தேகம், அதை முதல்ல நீட்டியிருந்தா தொட்டிருக்கவே மாட்டாரு. அதான் பிளேடால இன்னொன்னை வெட்டி நீட்டினேன்.”