கொல்லையில் விளைந்த கிழங்கு

பாலக்கரை வீட்டுக் கொல்லையில் மாசி வெயில் சாய்ந்துகொண்டிருக்கிறது. தூரத்தில் கரி எஞ்சின் ஒன்று கூவுகிறது. சென்ற வருஷம் குன்னூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த பிலோமினா, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உருளைக்கிழங்குப் பாத்தியைக் கிளறுகிறாள். அப்பா கொடுத்தனுப்பிய விதைக்கிழங்கை மார்கழிக் குளிரை நம்பிக் கார்த்திகையில் நட்டிருந்தாள். இந்த ஊர்ச் சூட்டுக்கு அது வராது என்று தெருவே சொன்னது. பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் அவள் கணவன் தைரியராஜ் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. வாடிய செடிகளைப் பிடுங்கினால் வேரில் கோலிக்குண்டு அளவில்தான் கிழங்குகள் தொங்குகின்றன. அவள் முகம் வாடிவிடுகிறது. "இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டிப் பாரு" என்கிறான், குடத்தோடு பக்கத்தில் நிற்கும் தைரியராஜ். தோண்டுகிறாள். உள்ளங்கை நிறைய ஒரு கிழங்கு வருகிறது. பக்கத்திலேயே இன்னும் சில. ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தேய்க்கிறாள். புதுக்கிழங்கென்றால் தோல் ஈரக் காகிதம்போல உரிந்து வரும். இது உரியவில்லை, மார்க்கெட் சாக்கில் பல நாள் கிடந்து தோல் தடித்த கிழங்கு. அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். தைரியராஜ் காலிக் குடத்துக்குள் எதையோ மும்முரமாகத் தேடுகிறான். வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் எட்டிப் பார்க்கிறாள். "ஏம்மா பிலோமி, ஏதாச்சும் வந்துச்சா?" பிலோமினா பெரிய கிழங்குகளை மேலாக அடுக்கி முறத்தைத் தூக்கிக் காட்டுகிறாள். "அட, இவ்ளோ பெருசா? நம்ம மண்ணுலயா?" "ஆமாங்கக்கா," என்கிறாள் பிலோமினா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "எல்லாம் அவங்க கைராசி."