தாளாளரின் சட்டை

படத்துப் பெண் ஆற்றங்கரையில் நின்று மேலங்கியின் முதல் பொத்தானைக் கழற்றினாள்.

அரங்கின் முன்வரிசையில் கல்லூரித் தாளாளர் எழுந்துவிட்டார்.

ஒன்றரை மணி நேரமாகத் திரையில் அந்த நாட்டுப் பெண்களைச் சவுக்கால் அடித்தபோது அவர் எழவில்லை. பள்ளிக்கூடத்தை இழுத்துப் பூட்டியபோது எழவில்லை. பன்னிரண்டு வயதுக்காரியை ஐம்பது வயதுக்காரனுக்குக் கட்டிவைத்தபோது முந்திரிப்பருப்பு தின்றுகொண்டிருந்தார்.

ஒரு பொத்தான் கழன்றதும் அவருடைய பண்பாடு விழித்துக்கொண்டது.

மூன்றாவது வரிசையில் ஒரு மாணவி பல்லைக் கடித்தாள்.

இன்னும் ஐந்து நிமிடம்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. போய்ச் சேர்ந்தால் அந்தப் பெண் படிக்கலாம். சேராவிட்டால் சவுக்கு.

இவளுக்கு ஆறு இல்லை. விடுதியின் இரும்புக் கதவுதான்.

நாளை காலை பத்து மணிக்குத் திருச்சியில் ரயில்வே தேர்வு. ஹால் டிக்கெட் நோட்டுக்குள் நான்காக மடிந்து கிடக்கிறது. அவுட் பாஸ் கேட்டதற்கு, அப்பா போன் செய்யட்டும் என்றார் வார்டன். அப்பாவும் செய்தார், அனுப்பாதீர்கள் என்று. கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்தால் எழுதிக்கொள்ளலாமாம். என்ன தாராள மனசு.

படத்துப் பெண் ஆற்றை நோக்கிக் கிளம்பியபோதே இவள் மனதுக்குள் பந்தயம் கட்டியிருந்தாள். அந்தப் பெண் கரையேறிவிட்டால் இவளும் போவாள். மூழ்கிவிட்டால் பேசாமல் மாப்பிள்ளைக்குக் காபி கொடுப்பாள்.

முட்டாள்தனம்தான். ஆனால் யோசனை கேட்க இந்தக் கல்லூரியில் அந்தப் படத்துப் பெண்ணைவிட நம்பகமான ஆள் கிடைக்கவில்லை.

மகளிர் தின விழா. அந்த நாட்டில் பெண்கள் தனியாக வெளியே போக முடியாது, நம் பெண்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று தொடக்க உரையில் தாளாளர் சொல்லியிருந்தார். ஆறு மணிக்குப் பூட்டுகிற கதவுக்குள் வாழும் முந்நூறு பேர் கை தட்டினார்கள்.

துப்பட்டாவில் இரண்டு தோளிலும் ஊக்கு குத்தியிருக்கிறதா என்று வாசலில் நின்று பார்த்துப் பார்த்து உள்ளே விட்டவர் வார்டன். படத்தில் பிரம்போடு வந்த அதிகாரி பெண்களின் முக்காட்டைச் சரிபார்த்தபோது அவரும் உச்சுக்கொட்டினார். வீட்டில் கண்ணாடி இல்லை போலும்.

"நிறுத்துங்கப்பா இத" என்றார் தாளாளர்.

நிறுத்தத் தெரிந்த லேப் உதவியாளர் டீ குடிக்கப் போயிருந்தார். முதல்வர் அவரைத் தேடி ஓடினார். கணினி அறிவியல் மூன்றாமாண்டு மொத்தமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. ஒருத்திக்குக்கூட ஒரு லேப்டாப்பை நிறுத்தத் தெரியவில்லை.

வார்டன் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார். மேடையேறி, திரையைச் சரசரவென்று மேலே சுருட்டினார். பின்னால் கருநீல வெல்வெட் சீலை. ப்ரொஜெக்டர் எரிந்துகொண்டுதான் இருந்தது. படம் அந்த இருட்டுக்குள் விழுந்து காணாமல் போனது.

தாளாளர் திருப்தியோடு மேடையின் நடுவில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை. வெள்ளை வேட்டி. நல்ல அகலமான உடம்பு.

ஆறு அவர்மேல் ஓடத் தொடங்கியது.

யாரோ மூச்சை இழுத்தார்கள். பிறகு அரங்கமே அடங்கிவிட்டது.

முகத்தில் அடித்த வெளிச்சத்துக்கு அவர் கூசவில்லை. போகஸ் லைட்டில் நின்று பழகியவர். குனிந்து தன்னைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு என்றுமே இல்லை. வார்டன் பின்னால் கைகட்டி நின்றார். அங்கிருந்து தாளாளரின் முதுகுதான் தெரியும்.

"பாருங்கம்மா, நமக்குன்னு ஒரு பண்பாடு இருக்குது."

இடது தோளருகே கழற்றிப்போட்ட மேலங்கி கிடந்தது. படத்துப் பெண் தண்ணீரில் இறங்கினாள். பேனா செருகிய பையைத் தாண்டி நீந்தினாள்.

"முள்ளு மேல சேலை பட்டாலும், சேலை மேல முள்ளு பட்டாலும், கிழியறது சேலைதான்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

காவல் கோபுரத்தின் விளக்கு அவர் வயிற்றைத் துழாவியது. படத்துப் பெண் முங்கினாள்.

மூன்றாவது பொத்தானைச் சுற்றி வெறும் தண்ணீர்.

அவள் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள். முந்நூறு பேரும் வந்திருந்தார்கள். கொட்டாவி இல்லை. கிசுகிசு இல்லை. இருபது வருடப் பேச்சில் தாளாளருக்கு இப்படியொரு மரியாதை கிடைத்ததே இல்லை. கற்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பேசினார், நின்ற இடத்தைவிட்டு இம்மியும் நகராமல்.

நகராமல் நின்றதற்காக மட்டும் அவரை மன்னிக்கலாம்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. படத்துப் பெண் எழும்பவில்லை. எழும்பு, எழும்பித் தொலை என்று இவள் உதட்டுக்குள் சொன்னாள்.

வலது தோளருகே ஒரு கை மேலே வந்து நாணலைப் பற்றியது.

பிறகு தலை. பிறகு இன்னொரு கை.

"நான் சொல்றது புரியுதாம்மா?" என்றார் தாளாளர்.

முதலில் எழுந்தவள் இவள்தான்.

"நல்லாப் புரியுது சார்."

முந்நூறு பேரும் எழுந்து கை தட்டினார்கள். தாளாளர் உருகிப்போய்க் கும்பிட்டார். படம் எடுத்தவர்களின் பெயர்கள் அவர்மேல் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன.

அந்தச் சத்தத்துக்குள் அவள் உட்கார்ந்து, இடது தோளின் ஊக்கைக் கழற்றினாள். துப்பட்டா ஒரு பக்கம் சரிந்தது. நோட்டிலிருந்த ஹால் டிக்கெட்டை எடுத்துச் சுடிதாரின் உள்பக்கம் வைத்து அதே ஊக்கால் குத்திக்கொண்டாள். கேட்டில் பையைத்தான் சோதிப்பார்கள்.

பால் வண்டி காலை ஐந்தரைக்கு வரும். அதற்காக இரும்புக் கதவை இரண்டு பக்கமும் திறந்து வைப்பார்கள்.